முட்டம் போகிறவர்களுக்கு: பாறையில் இறங்குமுன் கடலைப் பாருங்கள்

குமரி மாவட்டத்துக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்களில் பலர் கன்னியாகுமரி முனையோடு திரும்பிவிடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் இருக்கும் முட்டத்துக்கும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். செம்மண் மேடு சரேலென்று கடலுக்கு இறங்குகிறது. கீழே பெரும்பாறைகள், இடுக்குகளில் குகைகள், மேலே கலங்கரை விளக்கம். விமானத்தில் வருவோருக்குத் திருவனந்தபுரமே பக்கம்; நாகர்கோவில் வரை ரயில் உண்டு.

பிரிட்டனில் வசிப்பவர்கள் கடலுக்குப் போகுமுன் ஏற்றவற்ற நேரம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரம், பார்த்துப் பழகியிருப்பீர்கள். இங்கே அந்தக் கணக்கு போதாது. இந்தக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. ஆளைக் கொண்டுபோவது, தெற்கே எங்கோ தொலைதூரப் புயலில் கிளம்பி வரும் நெடிய அலை. மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் பொங்கும். 2024 மே மாதம் இதே மாவட்டத்தின் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. கடல் சீற்ற எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை இணையத்தில் வெளியிடுகிறது, கிளம்புமுன் பாருங்கள்.

இறங்குமுன் மேட்டில் கால் மணி நேரமாவது நில்லுங்கள். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. கடல் வெகுநேரம் சாதுவாகக் கிடந்துவிட்டு, நாலைந்து அலைகளை அடுத்தடுத்து அனுப்பும். பாறையில் ஈரமும் பச்சைப் பாசியும் எதுவரை ஏறியிருக்கின்றனவோ, அதற்குக் கீழே உங்களுக்கு வேலையில்லை. தரை ஈரமாக இருக்கும் குகைக்குள் நுழையாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். செம்மண் விளிம்பும் மழையில் அரித்துச் சரியும்; படம் எடுக்க அங்கே போய் நிற்க வேண்டாம். வலை சரிசெய்துகொண்டிருப்பவரிடம் “அண்ணே, இன்றைக்குக் கடல் எப்படி?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பிரிட்டனில் பிள்ளைகளின் கோடை விடுமுறையான ஜூலையும் ஆகஸ்டும் இங்கே தென்மேற்குப் பருவம். அப்போது மேட்டிலிருந்து பார்ப்பதோடு சரி. டிசம்பர் முதல் மார்ச் வரை வருவது நல்லது.

மலையேற்றத்துக்கு வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொலைபேசியையோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியையோ கொண்டுவராதீர்கள். அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள். உள்ளூர் சிம் போதும். கடலோரக் காவல் உதவிக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108.