கடனோடு கார் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் அக்கா மகன் ஒரு கார் கடன் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தான். பழைய கார் அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, வேறு வாங்கப் போகிறான். "நூத்துக்கு ஒரு வட்டிதான் மாமா. ரெண்டு நாள்ல பணம் வந்துடும்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2022 ஆவணியில் இதே வார்த்தையை நம்பித்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் இந்த வருடம் மட்டும் மூன்று பையன்கள் இதே வழியில் போவதைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

டயரைப் பார், ஓட்டிப் பார், மெக்கானிக்கைக் கூட்டிப் போ என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கார் நின்ற அன்றே முடிவெடுப்பது

அப்பாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது வடுவூர் ஏரிக்கரையில் என் பழைய டீசல் கார் புகைந்து நின்றது. வெயிலில் அவரை உட்கார வைத்துவிட்டு வாடகை வண்டி தேடினேன். அன்று ராத்திரியே வேறு கார் வாங்குவதென்று முடிவு செய்தேன். அந்த மனநிலையில் எனக்கு விலை பேசவே வரவில்லை.

பிறகுதான் எழுதிப் பார்த்தேன். மாதத்தில் நாலைந்து நாள்தான் கார் ஊர் எல்லையைத் தாண்டுகிறது. மற்றதெல்லாம் கடைத்தெருவும் உரக்கடையும். அதற்கு பைக் போதும். ஆஸ்பத்திரி நாளுக்கு மட்டும் வாடகைக் கார் வைத்துக்கொண்டு அடுத்த அறுவடை வரை தாராளமாக ஓட்டியிருக்கலாம். ரிப்பேர் செலவையும் வாடகையையும் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள், அப்புறம் கார் பாருங்கள்.

"ஒரு வட்டி" என்ற சொல்லை நம்புவது

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 12 சதவீதம் என்றுதான் நம் காதில் விழும். வங்கியிலும் ஏறக்குறைய அதுதானே, இங்கே அலைச்சலாவது இல்லை என்று நினைப்போம். ஊரில் வாங்கும் கைக்கடனில் அசலில் கொஞ்சம் கட்டினால் வட்டியும் குறையும். கார் தவணையில் சொல்லும் ஒரு வட்டி அப்படியில்லை. முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை அது ஓடும். பிளாட் வட்டி என்பார்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். 3,00,000 ரூபாய், 36 மாதம். வட்டி 1,08,000. மாதத் தவணை 11,333. இதே 12 சதவீதத்தை, அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் போட்டிருந்தால் தவணை 9,964; மொத்த வட்டியே 59,000க்குள் முடிந்திருக்கும். கிட்டத்தட்ட 49,000 ரூபாய் கூடுதலாகப் போனது. நான் 12 என்று நினைத்துக் கட்டியது உண்மையில் வருடத்துக்கு 21 சதவீதத்துக்கும் மேல்.

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதற்கு அடுத்து நடந்ததுதான். 2024 மாசியில் கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்ட பணம் வந்தது. 18 தவணை, அதாவது 2,04,000 ரூபாய் கட்டியிருந்தேன். பாதிக் காலம் முடிந்தது, அசலிலும் பாதிதான் நிற்கும் என்று 1,50,000 எடுத்துக்கொண்டு கடனை முடிக்கப் போனேன். அங்கே காட்டிய அசல் பாக்கி 1,73,000க்கு மேல். அதன் மேல் முடிப்புக் கட்டணம், தவணை திரும்பியதற்கு அபராதம். ஆரம்ப மாதங்களில் கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்குப் போயிருக்கிறது, அசல் மெதுவாகத்தான் கரைந்திருக்கிறது. கணக்குப்படி சரிதான். கையெழுத்து வாங்கிய அன்று அதை ஒரு வார்த்தை சொன்னவர்கள் இல்லை. மனைவியின் வளையலை அடகு வைத்துத்தான் முடித்தேன்.

தவணை ஏன் திரும்பியது? நமக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுத்தால் புரட்டாசி, ஐப்பசி. சம்பா அறுத்தால் தை, மாசி. நடுவில் நாற்றங்கால், நடவு, உரம் என்று கையிலிருந்து போய்க்கொண்டேதான் இருக்கும். 2023இல் மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபர் 10 மூடினார்கள். போர்வெல் இல்லாத எங்கள் வயலில் குறுவை காய்ந்தது. தவணை மட்டும் 5ஆம் தேதி தவறாமல் வந்து நின்றது. கணக்கில் பணமில்லாமல் மூன்று மாதம் திரும்பியது. அடுத்த வருடம் அணை திறந்ததே ஜூலை 28. எங்களுக்குக் குறுவையே இல்லை. அந்தக் கடன் அதுவரை நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அக்கா மகனிடம் சொன்னது இதுதான்: "வட்டி எத்தனைன்னு கேக்காத மாப்ள. மொத்தம் எவ்வளவு கட்டணும், ஒரு வருஷத்துல முடிச்சா பாக்கி எவ்வளவு, ஒன்றரை வருஷத்துல முடிச்சா எவ்வளவு, இதை எழுதி வாங்கு." 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வீதம் அதில் இருக்க வேண்டும், அதுவும் வாங்குபவருக்குப் புரியும் மொழியில். கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வாயால் சொன்ன ஒரு வட்டி, அந்தத் தாளில் 21, 22 என்று வந்து நிற்கும்.

கார் கட்டாயம் வேண்டும், வீட்டில் நகை இருக்கிறது என்றால், வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்து மீட்கும் வங்கி நகைக்கடன் போகத்தோடு ஒத்துப்போகும். அடுத்த சம்பாவில் மீட்க முடிகிற அளவுக்கு மட்டும் வையுங்கள்.

மூன்று வட்டிக் கடனை வைத்துக்கொண்டு கார் பார்ப்பது

கஜா புயலில் ஓடு பறந்த வீட்டுக்கு வாங்கிய கைக்கடன் எனக்கு அப்போதும் பாக்கி. மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

பெயர் மாறாமல் பழைய காரைக் கொடுப்பது

என் பழைய காரை ஒரு வியாபாரியிடம் 45,000க்கு விட்டுவிட்டு வந்தேன். ஒரு வருடம் கழித்து, நான் போகாத ஊரிலிருந்து என் போனுக்கு அபராதச் செய்தி வந்தது. அபராதம் என்பதால் தப்பித்தேன். விபத்தாக இருந்தால், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகி, பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள்.

ஹெச்.பி.

வண்டி மேல் கடன் இருக்கிறது என்று ஆர்.சி.யில் இருக்கும் குறிப்பைத்தான் ஹெச்.பி. என்பார்கள். கடன் முடிந்த வாரமே, கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யோடு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) ஃபார்ம் 35 கொடுத்து அதை நீக்குங்கள்.

கடற்கரை ஊர் வண்டி

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டி என்றால் அடியில் படுத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் பிடித்த துரு மேல் பெயின்ட்டில் தெரியாது.

வாங்கும் மாதம்

தை, மாசியில் எல்லோர் கையிலும் நெல் பணம் இருக்கும். பழையதை அப்போது விற்பேன். வாங்குவதென்றால் ஐப்பசி மழையில் போய்ப் பார்ப்பேன். எங்கே ஒழுகுகிறது, காலையில் ஈரத்தில் ஸ்டார்ட் ஆகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அக்கா மகன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தை வரைக்கும் பஸ்ஸில் போய் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.