முதல் வரியோடு நின்றுவிடாதீர்கள்

மும்பை தாராவியில் பொழுது விடியும் முன்பே இட்லிக் கொப்பரைகள் கொதிக்கத் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் அலுமினியப் பாத்திரங்கள் சைக்கிளில் ஏறி மாட்டுங்கா, சயான் என்று கிளம்பிவிடும். அப்படி இருபது ஆண்டுகளாக சைக்கிள் மிதிக்கும் அண்ணாச்சி ஒருவர் சென்ற மாதம் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எங்கள் சந்தில் எல்லாரும் ரிப்போர்ட்டோடு என்னிடம்தான் வருவார்கள்.

"மொத்தக் கொலஸ்ட்ரால் 192. இருநூறுக்குள்தான் இருக்கிறது, தம்பி. இந்த ஒல்லி உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கப்போகிறது?" என்றார்.

அவர் படித்தது முதல் வரியை மட்டும். அதற்குக் கீழே எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 31, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 260, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 109 என்று இருந்தன. எல்லாம் 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது. ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். எல்.டி.எல். 100-க்குள் இருப்பது நல்லது. 192-இல் 31-ஐக் கழித்துக் காட்டினேன்: 161. ரத்தக் குழாயின் சுவரில் படியக்கூடிய கொழுப்பெல்லாம் சேர்ந்த தொகை அது. 130-ஐத் தாண்டக் கூடாது. மொத்தம் குறைவாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், நம்மைக் காக்க வேண்டிய எச்.டி.எல். குறைந்து கிடந்ததுதான். நம் நாட்டவரிடம் இந்தச் சேர்க்கையை அடிக்கடி பார்க்கிறோம்: எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம், ஆள் ஒல்லி. உடம்பின் பருமனைப் பார்த்து ரத்தத்தை எடைபோட முடியாது.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவுகள் எல்லாருக்கும் பொதுவானவை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 90 இருந்தாலும் அதிகம்தான். 55-க்குக் கீழே கொண்டுவர டாக்டர்கள் முயல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருந்தால் தாராளமாக ஊற்றுகிறார்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. எல்.டி.எல்.லை ஏற்றுவது பெரும்பாலும் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). அது பாமாயிலில் ஏறக்குறைய பாதி, தேங்காயெண்ணெயில் இன்னும் அதிகம். அண்ணாச்சி முட்டையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் இட்லி இறக்கும் இடத்திலெல்லாம் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ. எண்ணிப் பார்த்தால் நாளுக்கு எட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. மதியம் குவியலாக வெள்ளைச் சோறு. ட்ரைகிளிசரைடு ஏறுவதற்கு இந்தச் சர்க்கரையும் மாவுச்சத்துமே போதும், மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முட்டையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாயைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார்.

காய்ச்சல் அடித்து எழுந்த வாரத்திலேயே சோதனைக்கு வராதீர்கள், அப்போது எல்.டி.எல். இறங்கிக் காட்டலாம். முதல் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் பட்டினியிருந்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். தைராய்டு மந்தமாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

என்னை மிகவும் வருத்துவது மாத்திரையை நிறுத்தும் பழக்கம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கி மூன்று மாதத்தில் எண் இறங்கியதும், குணமாகிவிட்டது என்று அட்டையைத் தூக்கிப் போடுகிறார்கள். மாத்திரை இருக்கும் வரைதான் அந்த எண். நிறுத்திய சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். வலியோ தலைசுற்றலோ எதுவும் வராது, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. மாத்திரையால் தசை வலிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மாற்றித் தரவோ வழியிருக்கிறது.

பேச்சின் கடைசியில்தான் அண்ணாச்சி தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். 44 வயதில் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. அதை டாக்டரிடம் சொல்லவே இல்லையாம், யாரும் கேட்கவில்லை என்பதால். இளம் வயது மாரடைப்புக்குப் பரம்பரையும் காரணமாகலாம். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும் வாங்கிகள் (ரிசெப்டர்கள்) கல்லீரல் செல்களில் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறவியிலேயே அந்த வாங்கிகள் குறைவாக உள்ள குடும்பங்களில் எத்தனை பத்தியம் இருந்தாலும் எல்.டி.எல். மிக உயரத்திலேயே நிற்கும். அண்ணாச்சியின் 109 அந்த வகை இல்லை. ஆனாலும் இளம் வயதில் ஓர் இழப்பு நேர்ந்த வீட்டில் பிள்ளைகளையும் சோதித்தே ஆக வேண்டும்.

அவர் ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். வரும் ஞாயிற்றுக்கிழமை மகன்கள் இருவரையும் கூட்டிவருகிறார். மூத்தவனுக்கு 23 வயது.