வண்டிக்குள் புகை வாடை வருகிறதா? தேடும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

காருக்குள் புகை வாடை அடிக்கிறது என்றதும் பாதிப்பேர் முதலில் செய்வது பெர்ஃப்யூம் டப்பா வாங்கி டேஷ்போர்டில் ஒட்டுவதுதான். இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. சைலன்சர் புகையில் ஆளைக் கொல்வது கார்பன் மோனாக்சைடு, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். நம் மூக்குக்குத் தெரிவது கூடவே வரும் மற்ற வாயுக்களின் வாடைதான். அதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, அதையும் மல்லிகை மணம் போட்டு மூடிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

இன்னொன்று, உடம்பு சொல்வதை வளைவுகள் மேல் பழி போடுவது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பின்சீட்டில் குழந்தைக்குத் தலைவலி, குமட்டல் என்றால் "மலை ஏறினா அப்படித்தானுங்க" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஸ்டீயரிங் பிடிப்பவருக்குப் பொதுவாக மலைப்பாதைக் குமட்டல் வராது. ஓட்டுபவருக்கும் தலை கனக்கிறது, நீலாம்பூர் பைபாஸில் நேராகப் போகும்போதும் எல்லோருக்கும் ஒன்றாகத் தூக்கம் சொக்குகிறது, இறங்கிக் காற்றாட நின்றால் தெளிகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது வண்டியைத்தான். அந்த நிமிடமே ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்குங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, தேடலுக்கு வருவோம். புகை உள்ளே வர இரண்டு ஓட்டை வேண்டும். ஒன்று குழாயில் புகை வெளியேறும் இடம், இன்னொன்று பாடியில் அது உள்ளே நுழையும் இடம். பெரும்பாலானோர் ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், நாலு மாதத்தில் வாடை திரும்பி வருகிறது.

முதல் ஓட்டையைத் தேடும்போது நடக்கும் பெரிய தவறு, சூடான வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவது. இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் பேக்கிங் போயிருந்தாலோ, மேனிஃபோல்டே லேசாக விரிசல் விட்டிருந்தாலோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வேகம் கூடும். சில நிமிடத்தில் இரும்பு சூடேறி விரிந்து அந்த இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். மத்தியானம் போய் நின்றால் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லைங்க" என்பார், அவர் சொல்வதும் பொய்யில்லை. முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு, காலையில் அவரையே முதல் ஸ்டார்ட் போடச் சொல்லுங்கள். ஸ்டார்ட் போடுவது திறந்த வெளியில் இருக்கட்டும், ஷெட்டுக்குள் வேண்டாம்.

இணைப்புகளில் கரி படிந்த கருப்புக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெப்பத் தகடு மூடியிருந்தால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாவிட்டால், இன்ஜின் ஆறிய பிறகு சைலன்சர் வாயில் வேக்குவம் கிளீனரின் காற்றுத் தள்ளும் பக்கத்தை வைத்து ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கிளம்பும். அடியில் புகுந்து பார்ப்பதென்றால் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது.

டீசல் வண்டிக்காரர்கள் சைலன்சரையே சுற்றிச் சுற்றி வருவார்கள், கோளாறு இன்ஜின் தலையில் இருக்கும். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர் போனால் எரிந்த வாயு அந்த வழியாக மேலே வந்து, இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கருப்பாக இறுகிவிடும். அந்த வாயு பானெட்டுக்கு அடியில் பரவி, வைப்பர் பக்கம் இருக்கும் ஜாலி வழியாக ஏசிக்குள் போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஆளில்லாத ரோட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் வெளிக்காற்று, கொஞ்ச நேரம் உள்காற்று என்று ஏசியை மாற்றிப் பாருங்கள். வெளிக்காற்றில் மட்டும் வாடை வந்தால் முன்பக்கம் தேடுங்கள், இரண்டிலும் வந்தால் தரை, பின்பக்கம். காந்திபுரம் சிக்னலில் டவுன் பஸ் பின்னால் நின்றுகொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் உங்கள் வண்டிப் புகையா பஸ் புகையா என்று பிரிக்கவே முடியாது. ஏசி ஃபில்டர் மாற்றினால் வாடை குறையலாம், ஆனால் கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது.

உள்ளே நுழையும் ஓட்டைகளில் பாதி நாமே போட்டவை. ஆம்ப்ளிஃபயர், ஹாரன், ஃபாக் லைட் மாட்டும்போது இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் துளை போட்டு ஒயரை இழுத்துவிட்டு, ரப்பர் புஷ் போடாமல் விட்டுவிடுவார்கள். மழையில் கால்மேட்டுக்கு அடியில் ஈரம் சேர்ந்தால் அங்கே பெரும்பாலும் வழி இருக்கிறது, தண்ணீர் வரும் இடத்தில் புகையும் வரும். டிக்கி கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் எங்காவது அமுங்கிக் கிடக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

திருப்பூர்ப் பக்கம் வேனில் பனியன் மூட்டை ஏற்றி, பின்கதவு மூடாமல் கயிறு கட்டி ஓட்டுவது தினமும் பார்க்கிற காட்சி. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகை அங்கேயே சுழலும், நல்ல சைலன்சரின் புகைகூட திறந்த கதவு வழியாக உள்ளே இழுக்கப்படும். இதில் முன் கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்கினால் இழுப்பு இன்னும் கூடத்தான் செய்யும். அந்த லோடை வேறு வண்டியில் ஏற்றுங்கள். சைலன்சர் வால் குழாயை அழகுக்காக வெட்டி, பாடிக்கு அடியிலேயே முடித்துவிடுவதும் இதே கேட்டைத்தான் கொண்டுவரும்.

"பியூசி சர்ட்டிபிகேட் (புகைச் சோதனைச் சான்று) வாங்கியாச்சு" என்பது பதில் இல்லை. அது வால் குழாயில் வருவதை மட்டுமே அளக்கும், நடுவில் கசிவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டும் அண்ணன்மார்கள் லோடுக்குக் காத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கேபினில் படுக்கிறார்கள். கசிவு இருக்கும் வண்டியில் அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். தயவுசெய்து அணைத்துவிட்டுப் படுங்கள்.

ரிப்பேர் செய்யும்போது எம்-சீல் போன்ற பசையைப் பூசி மூடுவது வேண்டாம், குழாய்ச் சூட்டுக்கு அது நிற்காது. பழைய பேக்கிங்கைத் துடைத்து மறுபடி போடச் சம்மதிக்காதீர்கள், புதிது விலை குறைவுதான், கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம். வேலை முடிந்ததும் மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள், அப்புறம் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி கேபினில் வைத்துக்கொண்டு ஓட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும்.