புயல் கரையைக் கடக்கையில் தரைக்காற்றை அளப்பது எப்படி: எண்ணூர்க் கரையை முன்வைத்து

புயல் நாளில் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வீசியது என்று ஒருவர் சொன்னால், எந்த உயரத்தில், எத்தகைய இடத்தில், எத்தனை நிமிடச் சராசரியாக என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை அந்த எண்ணை நம்புவதற்கில்லை. உலக வானிலை அமைப்பின் வரையறைப்படி, தரைக்காற்று என்பது தடையற்ற திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. வடசென்னையில் அப்படியோர் இடம் அரிது என்பதால், இங்கே அளக்க முனைபவர் முதலில் இடத்தைத் தேட வேண்டும். கருவியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அருகிலுள்ள தடையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரமாவது தள்ளிக் கருவியைத் தாங்கும் கம்பம் நிற்க வேண்டும். அதாவது, 6 மீட்டர் உயர வீட்டிலிருந்து 60 மீட்டர். ராயபுரம், காசிமேட்டுத் தெருக்களில் இதற்கு வழியே இல்லை. எர்ணாவூரிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரையிலான கடலோரத்தில், கிழக்கிலிருந்து வரும் காற்றை எதுவும் மறிப்பதில்லை. ஆனால் அதே கம்பத்துக்கு மேற்கிலிருந்து வரும் காற்று குடியிருப்புகளையும் தொழிற்சாலைகளையும் உரசி, வேகம் குறைந்து, கலங்கித்தான் வந்து சேரும். எனவே வேகத்துடன் திசையையும் பதிவது கட்டாயம். கம்பத்தின் அடியில் நின்று எட்டுத் திசைகளிலும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எந்த மணி நேரத்து அளவை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம்.

திசை எப்படி மாறும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் நமக்குத் தெற்கே கடந்தால், காற்று வடகிழக்கிலிருந்து கிழக்குக்கும், பிறகு தென்கிழக்குக்கும் திரும்பும். அது கடற்காற்று, மிகவும் பலமானது. மையம் வடக்கே கடந்தால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு எனத் திரும்பும். 2023 டிசம்பர் 4 அன்று சென்னையை ஒட்டிய கடலில் வடக்கே நகர்ந்து, மறுநாள் பாபட்லா அருகே கரையேறிய மிக்ஜாம் போன்ற புயல்களிலும் நமக்கு நிலத்தின் மேல் வந்த காற்றே மிகுதி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் கடந்தபோது நேர்ந்ததைப்போல், காற்று திடீரென அடங்கிப் பின்னர் எதிர்ப்புறத்திலிருந்து வீசினால், அந்த இடைவெளியைக் கருவியின் கோளாறு என்று நீக்கிவிடக் கூடாது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் மிகக் குறையும் என்பதால், உடன் ஒரு காற்றழுத்தமானியும் பதிந்துகொண்டிருந்தால் இந்த ஐயம் எழாது.

மொட்டை மாடியைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், கைப்பிடிச் சுவரின் ஓரத்தையும் தண்ணீர்த் தொட்டியின் அருகையும் விலக்கி, நடுவில் உயரமான கம்பத்தை நட்டு இழுவைக் கம்பிகளால் கட்ட வேண்டும். சுவரின் விளிம்பில் காற்று பிரிந்து, மேலே விரைவாகவும் கீழே சுழலாகவும் ஓடுவதால், அங்கே வரும் எண் கட்டடத்தைப் பற்றியதே தவிர புயலைப் பற்றியதன்று.

சுழலும் கிண்ணங்களால் காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணக் காற்றுமானி 1846-இல் ராபின்சன் என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கியது. இன்றும் விலை குறைவு, உறுதி அதிகம். ஆனால் கிண்ணங்கள் காற்று எழும்போது விரைவாகவும் அடங்கும்போது மெதுவாகவும் எதிர்வினையாற்றுவதால், கொந்தளிப்பான காற்றில் சராசரி சற்றுக் கூடுதலாகவே வரும். சுழலும் பாகமின்றி ஒலியலைகளால் அளக்கும் மீயொலிக் காற்றுமானியில் இக்குறை இல்லை. கனமழையில் அதன் பதிவு விட்டுப்போகலாம். எதுவாயினும் நொடிக்கு நான்கு முறை பதிவது நல்லது. மின்சாரம் நின்றுவிடும் என்றே வைத்துக்கொண்டு மின்கலத்தில் இயங்கும் பதிவுக் கருவியைப் பொருத்தி, அதன் கடிகாரத்தை இந்திய நேரத்துக்குச் சரிசெய்து, துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றப்படுவதற்கு முன்பே எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும். கையடக்கக் கருவியுடன் கருங்கல் தடுப்பின்மேல் நின்று அளப்பது ஆபத்தானது; நெஞ்சு உயரத்தில் எடுத்த அந்த அளவால் பயனும் இல்லை.

மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருந்தால் எந்தச் சராசரியையும் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரியையும், அமெரிக்காவின் ஹரிகேன் மையம் 1 நிமிடச் சராசரியையும், உலக வானிலை அமைப்பு 10 நிமிடச் சராசரியையும் கொள்கின்றன. காலம் குறுகக் குறுக உச்ச எண் பெரிதாகும். செய்தியில் ‘இடையிடையே’ என்று வரும் உச்சவீச்சு 3 நொடிச் சராசரி. அதை, நிமிடக் கணக்கில் சராசரி எடுத்த நீடித்த வேகத்துடன் ஒப்பிடக் கூடாது.

உயரத் திருத்தம் திறந்தவெளிக்கு மட்டுமே பொருந்தும். அங்கே 5 மீட்டரில் கிடைத்த வேகத்தை 1.14-ஆலும், 15 மீட்டரில் கிடைத்ததை 0.93-ஆலும் பெருக்கினால் 10 மீட்டர் மதிப்பு கிடைக்கும். மாடியில் எடுத்த அளவைத் திருத்தாமல், கட்டடத்தின் உயரத்தையும் கம்பத்தின் உயரத்தையும் குறித்து அப்படியே வைப்பதே நேர்மை.

புயல் ஓய்ந்ததும் கம்பம் சாய்ந்திருக்கிறதா, திசைகாட்டியின் வடக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, உப்புப் படிந்த கிண்ணங்களை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கிண்ணங்கள் சுழலும் தாங்கி (பேரிங்) இறுகியிருந்தால், அதைப் பிரித்துச் சரிசெய்வதற்கு முன் கருவியை அந்த நிலையிலேயே அளவுதிருத்தத்துக்கு அனுப்பினால்தான் பதிவான வேகங்கள் எவ்வளவு குறைவாக வந்திருக்கும் என்பதைக் கணக்கிட முடியும்.