தூக்க மாத்திரை: வீட்டில் நடக்கும் தவறுகள்

தூக்க மாத்திரை என்ற ஒரே பெயரில் நம் வீடுகளில் புழங்கும் ஆல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் எல்லாமே பென்சோடயசெபின் குடும்பத்து மருந்துகள். மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு வலுச் சேர்ப்பவை. அருமையான மருந்துகள். நிற்காத வலிப்பை லோரசெபாம் ஊசி நிறுத்துகிறது. எண்டோஸ்கோப்பிக்கு முன் மிடசோலம் பதற்றத்தைத் தணிக்கிறது. குடியை விட்டவருக்கு வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் குளோர்டயசெபாக்சைடு தடுக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்த பிறகுதான் சிக்கல்.

தூக்கமின்மைக்கு இவற்றைப் பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் தருவதில்லை. நாமோ பழைய மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வாங்குகிறோம். உடல் பழகிவிட்டால் அரை மாத்திரைக்கு வந்த தூக்கம் முழு மாத்திரைக்கும் வராது. ஆல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் என்ற இன்னொரு தூக்க மாத்திரை ஆகியவற்றை அரசு 2014 முதல் எச்1 அட்டவணையில், அதாவது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் வைத்து, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்திருப்பது இதனால்தான். சீட்டில்லாமல் தர மறுக்கும் மருந்துக் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லது செய்கிறார்.

இதைவிட ஆபத்தான தவறு, பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுவது. மாதக்கணக்கில் எடுத்த மருந்தைச் சட்டென்று விட்டால் அடங்கியிருந்த பரபரப்பு பல மடங்காகத் திரும்பும்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, முன்பைவிட மோசமான தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டவர் இரண்டாம் நாளே காரணம் தெரியாமல் தவிப்பார். ஆல்பிரசோலம் உடலைவிட்டு விரைவில் வெளியேறுவதால் அதில் இந்தத் தவிப்பு சீக்கிரமே தொடங்கும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணிப் பலர் மறுபடி மாத்திரைக்கே போகிறார்கள். நிறுத்துவதென்றால் மருத்துவரின் கண்காணிப்பில், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

முதியவர்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். டயசெபாம் அவர்கள் உடலில் நாள்கணக்கில் தங்கும். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தலை கிறுகிறுக்கும், கால் தள்ளாடும், குளியலறைத் தரையோ ஈரமாக இருக்கும். இடுப்பெலும்பு முறிவுகள் இப்படியும் நேர்கின்றன. பகலில் அவர் தடுமாறிப் பேசினால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்று முதலில் பாருங்கள்.

மதுவோடு சேர்ப்பது உயிருக்கே உலை வைக்கும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் இவை மூச்சை மந்தமாக்கும். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தூக்க மாத்திரையைத் தொடவே கூடாது.

சோல்பிடெம் வேறு வகை. விழுங்கியதும் படுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிலருக்கு முழுதாக விழிக்காத நிலையிலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவதுகூட நடக்கும். காலையில் எதுவும் நினைவிருக்காது. காலையிலும் மருந்து ரத்தத்தில் மிஞ்சியிருந்ததால் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

தூக்க மாத்திரை மட்டுமல்ல, ரயில் பயணத்தில் குழந்தை தூங்கட்டும் என்று தூக்கம் வரவழைக்கும் சளி மருந்து கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை எடுத்தவர் எழுப்பியும் எழாமல், மூச்சும் மெதுவாக இருந்தால் காபி புகட்டவோ வாந்தியெடுக்க வைக்கவோ முயலாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். காலி அட்டையையும் கொண்டுசெல்லுங்கள். எத்தனை மாதமாக எடுக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முறிமருந்தான ஃபுளுமசெனில், நீண்டநாள் பழகியவருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.