கீழ் டிவிஷன் லீகில் கிளப்புகள் கோட்டைவிடும் இடங்கள்

வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ கால்பந்து கிளப் நடத்தும் அண்ணன்களிடம் பையன்களின் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். பதிவுக் காகிதம் எங்கே என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறும். சென்னை லீகின் கீழ் டிவிஷன்களில் ஆடும் சின்ன கிளப்புகள் கிரவுண்டில் சம்பாதிப்பதைக் காகிதத்தில் தொலைக்கின்றன என்பது என் எண்ணம்.

பெரிய தவறு, பதிவைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் பெயர் ஏறாத பையன், உங்களிடம் ஐந்து வருஷம் பயிற்சி எடுத்திருந்தாலும் கணக்கில் இல்லை. இதில் பணமும் இருக்கிறது. ஒரு வீரர் பின்னாளில் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5% அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை வருஷத்துக்கு 0.25%, அதன்பின் 0.5%. 2022 முதல் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் பதிவு விவரங்களைப் பார்த்துத்தான் இதைப் பிரித்துக் கொடுக்கிறது. நம் பையன்கள் வெளிநாட்டுக்கு விற்கப்படுவது அபூர்வம்தான். ஆனால் மேலே போவது கனவு இல்லை: 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக, கொல்கத்தாவின் பெரிய கிளப்பான ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்த கோல், சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் அடித்தது.

அடுத்தது, ஒருவர் பெயரில் இன்னொருவரை இறக்குவது. ஞாயிற்றுக்கிழமை செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) வந்தவன் ஆடலாம், லீகில் முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கிளப்பில்தான் பதிவு. எதிரணிப் பையன்களும் அதே செவன்ஸில் ஆடுபவர்கள்தானே, முகம் தெரியாதா? புகார் கொடுத்தால், ஜெயித்த மேட்ச்சும் கைவிட்டுப் போகும்.

வார நாளில் மேட்ச் விழுந்தால் ஆள் வருவார்களா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் வேலையில், மீதிப் பேர் காலேஜில். ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது. "டிராஃபிக்ல இருக்கான் சார்" என்பதை ரெஃப்ரி எத்தனை முறைதான் கேட்பார்?

காலில் கட்டும் ஷின் பேட் இல்லாமல் வருவது, கோல்கீப்பருக்குத் தனி நிற ஜெர்சி எடுக்க மறப்பது எல்லாம் சில்லறைத் தவறுகள். செயினையும் காப்பையும் டேப் ஒட்டி மறைப்பது மட்டும் ஏனோ ஒழிய மாட்டேன் என்கிறது. விதிப்படி அது செல்லாது, கழற்றத்தான் வேண்டும்.

பெஞ்சில் யாரை உட்கார வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2019 முதல் கோச்சுக்கும் மேனேஜருக்கும்கூட மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. ரெஃப்ரியைத் திட்டியது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த கோச்தான் அந்த அட்டையை வாங்க வேண்டும். வாய் அடக்கத் தெரியாத ஏரியா அண்ணன் கேலரியில் உட்காரட்டும்.