பேரம் பேசவும் சமரசம் செய்து வைக்கவும் பழகும் முறை

ஒருவர் வாய்விட்டுக் கேட்பது வேறு, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு என்பதே இக்கலையின் முதல் பாடம். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், காற்றில் பிஞ்சு உதிர்ந்ததால் தொகையைக் குறைக்கச் சொல்கிறார், உரிமையாளரோ ஒரு ரூபாயும் குறைக்க மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பணம் எப்போது, எதற்காக வேண்டும்?’ என்று இருவரையும் தனித்தனியே கேட்டால், ஜூன் மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமென்பது ஒருவரின் கவலை என்றும், பழம் விற்றுக் காசு வரும்வரை அவகாசம் வேண்டுமென்பது மற்றவரின் தேவை என்றும் தெரியவரும். அதன்பின் தவணையைப் பற்றிப் பேச வழி பிறக்கும்.

இதனை மூவராகச் சேர்ந்து நடித்துப் பழகலாம். இருவர் தத்தம் இரகசியத் தேவையையும், பேச்சு முறிந்தால் செய்யக்கூடிய மாற்று வழியையும் சீட்டில் எழுதி மறைத்துக்கொள்ள, மூன்றாமவர் சமரசராக அமர வேண்டும். அவர் நாட்டாமை போலத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நம்மவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். ஒவ்வொருவரின் பேச்சையும் பழிச்சொல் நீக்கித் திருப்பிச் சொல்வதே அவருக்குரிய பயிற்சி. பிறகு இடம் மாறி அமருங்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி நீதிமன்றமே வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம். 2023-இல் மத்தியஸ்தத்துக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. மத்தியஸ்தத்தில் பேசப்படுபவை இரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை.

உடன்பாட்டை எழுதும்போது ‘விரைவில் தருவேன்’ என்பதை ஏற்காமல், தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு இருவரிடமும் கையொப்பம் பெறுங்கள்.